மூன்று வருஷம் கழிந்தால் கேள்வியே இல்லையா?

"சார், சுகர் இருக்குன்னு எழுதாதீங்க. எழுதினா மெடிக்கல் போகச் சொல்லுவாங்க, பிரீமியமும் ஏறும். மூணு வருஷம் ஓட்டிட்டீங்கன்னா அப்புறம் கம்பெனி வாயே திறக்க முடியாது, சட்டமே அப்படித்தான்."

இந்த உபதேசத்தை, அங்கங்கே ஒரு சொல் மாறினாலும் சாரம் மாறாமல், வங்கிக் கவுண்ட்டரிலும் கல்யாணப் பந்தியிலும் அலுவலகச் சாப்பாட்டு வேளையிலும் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சொல்பவர் பெரும்பாலும் ஏஜெண்டு. சில சமயம் நன்கு படித்த உத்தியோகஸ்தர். கேட்பவர் முகத்திலோ, சட்டத்தில் ஒரு சந்து அகப்பட்டுவிட்ட திருப்தி தெரிகிறது. க்ளெய்ம் காகிதங்களோடும் அவை காரணமாக எழுந்த வழக்குகளோடும் நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் எனக்கு இது பொறுக்கவில்லை. ஏனெனில், இந்த வார்த்தையை நம்பிக் கையெழுத்திட்டவர் அதன் பலனை அனுபவிப்பதில்லை. அவர் காலமான பிறகு, பாலிசிப் பத்திரத்தையும் மரணச் சான்றிதழையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு கிளை அலுவலகத்தின் பெஞ்சில் வந்து உட்காரும் அவருடைய மனைவியே அனுபவிக்கிறார்.

இது முழுப் பொய்யாக இருந்திருந்தால் இத்தனை காலம் நிலைத்திருக்காது. 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பாலிசிதாரர்களுக்கு அந்தச் சட்டம் அளித்த பாதுகாப்புகளில் மிகப் பெரியது என்பது என் திடமான அபிப்பிராயம். வருஷக்கணக்கில் பிரீமியத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, மனிதர் இறந்த பின்பு, "விண்ணப்பத்தில் இன்னது எழுதவில்லை" என்று பழைய காகிதத்தைக் கிளறிப் பணம் தர மறுக்கும் வழக்கத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆதியில் அந்தக் கெடு இரண்டு வருஷம்; அதற்குப் பின் பாலிசியை ஆட்சேபிக்க வேண்டுமானால், மறைத்த விஷயம் முக்கியமானது, மறைத்தவர் மோசடி எண்ணத்தோடு மறைத்தார், தாம் சொல்வது பொய் என்று அவர் அறிந்தே இருந்தார் ஆகிய மூன்றையும் கம்பெனியே நிரூபிக்க வேண்டும் என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிச் சொல்லியது. 2015-ஆம் வருஷத் திருத்தம் கெடுவை மூன்று வருஷமாக்கி, அதற்குப் பிறகு எந்தக் காரணத்தைக் கொண்டும் ஆயுள் பாலிசியைக் கேள்விக்கு உட்படுத்தலாகாது என்று தீர்த்துவிட்டது. இவ்வளவும் மெய். இந்த மெய்யின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அந்த உபதேசம் ஊர் சுற்றுகிறது.

அந்த மூன்று வருஷம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை உபதேசிகள் சொல்வதே இல்லை. பாலிசி வழங்கிய தேதி, ரிஸ்க் ஆரம்பமான தேதி, காலாவதியான பாலிசியைப் புதுப்பித்த தேதி, பிற்பாடு ரைடர் என்னும் கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்திருந்தால் அந்த ரைடரின் தேதி ஆகிய நான்கில் எது கடைசியோ அதிலிருந்தே காலம் எண்ணப்படும் என்று சட்டம் ஸ்பஷ்டமாகச் சொல்கிறது. ஒரு மளிகைக் கடைக்காரர் 2016-இல் பாலிசி எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருஷம் ஒழுங்காகக் கட்டினார். 2020-இல் கொரோனா வந்து கடை அடைபட்டது, தவணை நின்றது, பாலிசி லாப்ஸ் ஆனது. 2022-இல் கையில் சிறிது பணம் சேர்ந்ததும், தம் ஆரோக்கியத்தைப் பற்றிய உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புதுப்பித்தார். எல்.ஐ.சி.யில் அதை 680-ஆம் நம்பர் படிவம் என்பார்கள். புதுப்பிக்க வருகிறவர்கள் அதைப் படித்துப் பார்த்து நான் கண்டது மிக அபூர்வம். அவர் 2024-இல் மாரடைப்பால் இறந்தால், பாலிசிக்கு எட்டு வயது ஆகிவிட்டது என்று குடும்பம் நினைக்கும். சட்டமோ அதற்கு இரண்டு வயது என்றே கணக்கிடும். இடைக்காலத்தில் வந்த ரத்த அழுத்தத்தை 680-இல் எழுதாமல் விட்டிருந்தால், அந்தக் க்ளெய்முக்கு நேரும் கதியைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை.

புதுப்பித்தலே இல்லாத பாலிசியாக இருந்தாலும், முதல் மூன்று வருஷத்துக்குள் இறந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த உபதேசிகளிடம் பதில் கிடையாது. அக்கரை சேர்ந்துவிட்டால் பயமில்லை என்று சொல்லி, நீந்தத் தெரியாதவனைப் பெருவெள்ளத்தில் இறக்கிவிடும் காரியம் இது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள மனிதருக்கு மரணம் மூன்று வருஷம் காத்திருக்கும் என்று எந்த ஏஜெண்டு உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்? மரணம் எப்போது வரும் என்று தெரியாமல்தானே பாலிசியே எடுக்கிறோம்!

மூன்று வருஷத்துக்குள் வரும் மரண க்ளெய்மை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'ஏர்லி க்ளெய்ம்' என்பார்கள். அது வந்த மாத்திரத்தில் விசாரணை ஆரம்பமாகும். கடைசியாக வைத்தியம் செய்த டாக்டரின் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சிகிச்சைச் சான்றிதழ், வேலை செய்த இடத்தின் விடுப்பு விவரம் எல்லாம் கேட்பார்கள். விசாரணை அதிகாரி முதலில் தேடிப் போவது ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டைத்தான். நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு கொண்டுவந்து சேர்த்தபோது, பணியிலிருந்த இளம் டாக்டர், "ஏற்கெனவே என்ன வியாதி, எத்தனை நாளாக?" என்று கேட்டிருப்பார்; பதறிக்கொண்டிருந்த மகனோ மைத்துனனோ, "பத்து வருஷமாச் சுகர் இருக்கு" என்று சொல்லியிருப்பான்; டாக்டர் அதை ஒரே வரியில் குறித்திருப்பார். அந்த ஒரு வரியையும், விண்ணப்பத்தில் சர்க்கரை வியாதி உண்டா என்ற கேள்விக்கு எதிரே இருக்கும் 'இல்லை'யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுப்புக் கடிதம் தயாராகும். பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கும் ஒரே பேனாவால், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் 'இல்லை, இல்லை' என்று ஏஜெண்டு கோடிழுத்திருப்பதும், கீழே பாலிசிதாரரின் கையெழுத்து மாத்திரம் வேறு கையில், பல சமயம் தமிழில், இருப்பதும் அந்தப் படிவத்தைப் பார்த்த எவருக்கும் விளங்கும். ஆனால் கையெழுத்து அவருடையது. இப்போது பேனாவும் இல்லை. ஏஜெண்டு தம் கையிலுள்ள டேப்லட்டில் தட்டிக்கொண்டே போய், "ஓடிபி சொல்லுங்க சார்" என்கிறார். அந்த ஆறு எண்தான் உங்கள் கையெழுத்து.

படிக்காமல் கையெழுத்திட்டேன் என்பது வாதமாகாது. 2019 ஏப்ரலில், குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தயவு தாட்சணியமின்றிச் சொல்லிவிட்டது. சற்று முன்னதாக வேறொரு கம்பெனியில் எடுத்திருந்த ஆயுள் பாலிசியைச் சொல்லாமல் விட்டதற்காகவே அங்கே க்ளெய்ம் தோற்றது. 2020 அக்டோபரில் இன்னொரு வழக்கு. பாலிசி எடுத்த ஒரே மாதத்தில் மரணம், முன்பே இருந்த வியாதியும் சிகிச்சையும் விண்ணப்பத்தில் இல்லை. குடும்பத்துக்குச் சாதகமாகத் தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்திருந்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இந்த உபதேசத்தால் விளையும் பெரிய அனர்த்தம் இன்னொன்று உண்டு: ஆயுள் பாலிசிக்கு உரிய மூன்று வருஷக் கணக்கை ஜனங்கள் மருத்துவ பாலிசிக்கும் பொருத்திக்கொள்கிறார்கள். 45-ஆவது பிரிவு ஆயுள் இன்ஷூரன்ஸுக்கு மட்டுமே உரியது. மருத்துவ பாலிசிக்கு, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிகள் தனியே உள்ளன. முன்பு எட்டு வருஷமாக இருந்த கெடுவை அந்த ஆணையம் 2024-இல் தொடர்ந்த அறுபது மாதமாகக் குறைத்தது. அதன் பிறகு, மோசடி நிரூபணமானால் ஒழிய, மறைத்தார் என்ற காரணத்தால் க்ளெய்மை மறுக்க முடியாது. அதே விதிகளில், ஏற்கெனவே உள்ள வியாதிக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் முப்பத்தாறு மாதம் என்றும் குறைக்கப்பட்டது. வாசகர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒரு நிமிஷம் சேர்த்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதி இருக்கிறது என்று உள்ளபடி எழுதி, கம்பெனியும் ஏற்றுக்கொண்டு பாலிசி கொடுத்தால், அந்த வியாதியால் வரும் ஆஸ்பத்திரிச் செலவும் அதிகமாகப் போனால் 36 மாதத்தில் உரிமையாகிவிடுகிறது; மறைத்தவரோ 60 மாதம் பயந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்குப் பிறகும் மோசடி என்ற குற்றச்சாட்டு அவரை விட்டபாடில்லை. இத்தனை எளிய கணக்கைக் கூடப் போட்டுப் பார்க்காமல், மறைப்பதைச் சாமர்த்தியம் என்று ஊருக்குச் சொல்லித் திரிபவர்களை நான் எப்படி மன்னிப்பது?

உண்மையை எழுதியவனுக்குச் சட்டம் எவ்வளவு துணை நிற்கிறது என்பதற்கு 2021 டிசம்பரில் வந்த ஒரு தீர்ப்பே போதும். அமெரிக்கா போகுமுன் வெளிநாட்டுப் பயண மருத்துவ பாலிசி எடுத்த ஒருவர், தமக்குச் சர்க்கரை இருப்பதை விண்ணப்பத்தில் சொன்னார். கம்பெனியும் பரிசோதனை செய்து பார்த்தே பாலிசி கொடுத்தது. ஸான் பிரான்சிஸ்கோ விமானநிலையத்தில் மாரடைப்பு வந்து பெருஞ்செலவாயிற்று. கொழுப்புக்காக மாத்திரை சாப்பிட்டு வந்ததைச் சொல்லவில்லை என்று கம்பெனி மறுத்தது. பாலிசிதாரரின் நிலையைத் தெரிந்துகொண்டு, ஆராய்ந்து, பாலிசியையும் வழங்கிவிட்ட பின், அவர் வெளிப்படுத்திய உடல்நிலையையே காரணம் காட்டித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறி, பணத்தைக் கொடுக்கச் சொல்லியது.

இதைப் படித்துவிட்டு எதிர்க்கோடிக்கு ஓடுகிறவர்களும் உண்டு. விண்ணப்பத்தில் ஏதாவது ஒரு வரி விட்டுப்போனால் எல்லாம் போயிற்று, கம்பெனி மறுத்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்பார்கள். அதுவும் தவறு. மறைத்த விஷயம் கம்பெனி ஏற்ற அபாயத்தோடு நேரடிச் சம்பந்தம் உடையதாக இருக்க வேண்டும். அது தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று நிரூபிக்கும் பாரம் கம்பெனியின் தலையில் இருக்கிறது. மறுப்பதானால் காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மோசடி இல்லாத தவறான தகவல் என்றால், கட்டிய பிரீமியத்தைத் தொண்ணூறு நாளில் திருப்பித் தரவேண்டும். முதுகெலும்புத் தேய்மானத்தைச் சொல்லாதவர் இருதய நோயால் இறந்த வழக்கில், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குப் பணம் கொடுக்க உத்தரவிட்டது. பாலிசிக்காக ஆளைப் பிடித்து, பேசி, முடித்துக் கொடுப்பவர், ஒப்பந்தம் உருவாகும் காரியத்தில் கம்பெனியின் ஏஜெண்டாகவே கருதப்படுவார் என்ற விளக்கமும் 2015 முதல் 45-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. "சொன்னேன், அவர்தான் எழுதவில்லை" என்று சொல்லும் குடும்பத்துக்கு இது ஒரு பிடிமானம். ஆனால் சொன்னதற்குச் சாட்சியம் வேண்டும், சொன்னவர் உயிரோடு இல்லை.

மற்றக் கதைகளை விரைந்து தீர்த்துவிடலாம். நாமினி என்று பெயர் எழுதிவிட்டால் பணம் முழுவதும் அவருக்கே சொந்தம் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. நாமினி பெற்றுக்கொள்ளும் கை மாத்திரமே என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 2015 திருத்தம் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்குப் பலனுரிமை கொடுத்தது. அண்ணன் மகனுக்கும் நண்பனுக்கும் அந்தச் சலுகை இல்லை. தாமதமாகத் தெரிவித்தால் க்ளெய்ம் போய்விடும் என்பதும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. தாமதம் ஒன்றையே காரணம் காட்டி மறுக்காதீர்கள் என்று 2011 செப்டம்பரிலேயே இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வண்டி திருடு போனதும் போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னது குற்றமாகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் கூறிற்று. ஏஜெண்டு தம் கமிஷனிலிருந்து முதல் தவணையைத் தள்ளிக் கொடுப்பது சகஜம் என்கிறார்கள். சகஜமாக இருக்கலாம், 41-ஆவது பிரிவின்படி அது குற்றம், வாங்கிக்கொள்பவருக்கும் சேர்த்து. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பாலிசிக்கு போனஸ் வந்திருக்கிறது என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். அந்த ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் வழங்குவதும் இல்லை.

மறைப்பவர்கள் மீது கோபித்துக்கொண்ட நான், மறைக்க வைக்கும் ஏற்பாட்டின் மீதும் கோபித்துக்கொள்ளாவிட்டால் அது நியாயமாகாது. நம் மாநிலத்தில் பாலிசி எடுக்கும் நெசவாளியும் லாரி ஓட்டுநரும் சிறு வியாபாரியும் தங்கள் உடல்நிலையைப் பற்றிய கேள்விகளை எந்த பாஷையில் காண்கிறார்கள்? அநேகமாக ஆங்கிலத்தில், டாக்டர்களுக்கே உரிய சொற்களில், ஒரு கேள்விக்குள் ஏழெட்டு வியாதிகளை அடுக்கி, உண்டா இல்லையா என்று ஒரே கட்டத்தில் பதில் கேட்கும் விதத்தில். படிவங்களை அரசியல் சாசனம் அங்கீகரித்த மொழிகளில், சந்தர்ப்பத்துக்குத் தக்கபடி, தரலாம் என்று 2002-ஆம் வருஷத்து விதிகளிலேயே இடம் இருந்தது. தரலாம் என்றால் தராமலும் இருக்கலாம் என்று கம்பெனிகள் பொருள் கொண்டுவிட்டன. விளம்பரத்தைத் தமிழில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, பிரீமியம் நினைவூட்டலைத் தமிழில் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, சர்க்கரை வியாதி உண்டா என்று தமிழில் கேட்கத் தெரியாதா? வாடிக்கையாளர் கேட்கும் மொழியில் விண்ணப்பத்தைக் கொடுத்தாலொழிய, அதில் உள்ள பதிலைக் காட்டிக் க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று ஒரே ஒரு விதி வரவேண்டும். வந்தால், ஏஜெண்டுகளின் உபதேசமும் பாதிக்குமேல் அடங்கிவிடும் என்பது என் நம்பிக்கை. இதை நான் பல சபைகளில் சொல்லிவிட்டேன். வருகிற வரையில் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அதுவரை வாசகர்கள் தாமே செய்துகொள்ள வேண்டியது சில உண்டு. விண்ணப்பத்தை ஏஜெண்டு நிரப்பினாலும், உடல்நிலைக் கேள்விகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, பதிலை உங்கள் எதிரிலேயே எழுதச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும், வேறு கம்பெனிகளில் உள்ள பாலிசிகளையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். ஓடிபி கொடுக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாலிசியோடு விண்ணப்பத்தின் நகலும் வரவேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. நகலில் பிழை இருந்தால் உடனே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிடிக்காவிட்டால் பாலிசி கைக்கு வந்த முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்க 2024 விதிகள் இடம் தருகின்றன. ஏற்கெனவே மறைத்து எடுத்துவிட்டவர்கள் இன்றைக்கே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிவிடுவது உத்தமம். பிரீமியம் கூடலாம், பாலிசியை ரத்து செய்தாலும் செய்யலாம், ஆனால் அது நீங்கள் உயிரோடிருக்கும் காலத்தில் நடக்கும். வேறு வழி தேட அவகாசம் இருக்கும்.

மறுப்புக் கடிதம் கையில் வந்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கே நிராகரித்தாலோ, ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டியதும் இல்லை, ஐம்பது லட்சம் ரூபாய் வரையில் அவர் உத்தரவிடலாம், அந்த உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கம்பெனியின் முடிவு வந்த ஒரு வருஷத்துக்குள் அங்கே மனு செய்துவிட வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு நேரே போக விரும்பினால் கெடு இரண்டு வருஷம். 2019-ஆம் வருஷச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஆகவே, மறுப்புக் கடிதம் வந்த தேதியை அதன் உறையிலேயே எழுதி வையுங்கள். உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள்.